ஆங்கிலரின் ‘அங்கே’யும் நாம் அடித்துவிட்ட ‘உங்கே’யும்

(தமிழ் மன்றத் திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தனித்தமிழ் மன்றத்தில் ஆங்கிலச் சொல்லொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று தலைவர் அறிவித்ததும், முன்வரிசையில் இரண்டொருவர் புருவம் நெரிவதைக் கண்டேன். யான் 31 ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தவன். அதனை மறைத்துப் பயனில்லை. ஆங்கிலத்தைப் பிழையறக் கற்றவன் அதனைத் தமிழோடு கலப்பதில்லை. அரைகுறையாய்க் கற்றவனே இரண்டையும் ஒருங்கே கெடுக்கிறான் என்பது அந்த 31 ஆண்டுகளில் யான் கண்ட உண்மை. ஆகவே புருவங்களைச் சற்றே தளர்த்திக் கொள்ளுங்கள்.

இன்று எடுத்துக்கொண்ட சொல் மிகச் சிறியது. ஆங்கிலர் ‘தேர்’ என்பர். ‘அங்கே’ என்று நாம் பொருள் சொல்லிக் கொடுப்போம். (திருவாரூர்த் தேரோடு குழப்பிக்கொள்ள வேண்டா.) அதன் உடன்பிறப்பு ‘இயர்’, அதாவது ‘இங்கே’. ஆங்கிலர் இதன் முன் ஒரு மூச்சொலி சேர்த்து ஒலிப்பர். அதற்கெனத் தமிழில் ஓர் அயலெழுத்தைக் கொணர வேண்டுவதில்லை. இவ்விரண்டும் இடங்குறிக்கும் வினையடைகள். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த சொற்கள். அறிந்த சொற்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதுதான் தொல்லை.

முதலில் எளிய பிழைகளைச் சொல்லிக் கடந்து விடுகிறேன். ‘அங்கே போ’ என்பதற்கு ‘கோ தேர்’ என்றால் போதும். நம் பிள்ளைகள் ‘கோ டு தேர்’ என்று எழுதுவர். ஊர்ப்பெயருக்கு முன் ‘டு’ வருகிறதே, இதற்கு ஏன் வாராது என்று கேட்பர். தமிழில் ‘மதுரைக்குப் போ’ என்கிறோம். ‘அங்கேக்குப் போ’ என்கிறோமா? இல்லை. ‘அங்கே’ என்பதனுள்ளேயே போய்ச்சேரும் இடம் அடங்கிக் கிடக்கிறது, ஆங்கிலத்தும் அவ்வாறே. தன் தாய்மொழி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பிள்ளைக்குக் காட்டியிருந்தால் இப் பிழை முளைத்தே இராது. தமிழ் இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு ஆங்கில இலக்கணத்தை உருப்போடச் செய்ததன் விளைவு இது.

அடுத்தது இதனினும் கேடானது. ஆங்கிலத்தில் ஒன்று உண்டு அல்லது இல்லை என்று சொல்லத் தொடங்கும்போது, சொற்றொடரின் தலையில் ‘தேர்’ என்பதை வைப்பர். அந்தத் ‘தேர்’ இடத்தைக் குறிப்பதன்று. வெறும் பொம்மைத் தலை. ஓரிடத்தைச் சுட்ட வேண்டுமானால் கடைசியில் இன்னொரு ‘தேர்’ வேறாக வரும். ‘கூரைமேல் ஒரு காகம் இருக்கிறது’ என்று பெயர்க்க வேண்டியதை, ‘அங்கே கூரைமேல் ஒரு காகம் இருக்கிறது’ என்று பிள்ளைகள் பெயர்ப்பர். பிள்ளைகள் மட்டுமா? ‘அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது’, ‘அங்கே வேறு வழியில்லை’ என்று மேடைகளிலும் மொழிபெயர்ப்பு நூல்களிலும் கேட்கவில்லையா? எங்கே சிக்கல்? எந்த ஊரில்? ‘ஒரு சிக்கல் உண்டு’, ‘வேறு வழியில்லை’ என்பதே தமிழ். அந்த ‘அங்கே’யில் எழுத்துகள் தமிழ், உள்ளிருக்கும் எலும்பு அயலது. வடசொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் தேடிப் பிடித்துக் களையும் நாம், தமிழ்ச்சொல் போர்த்து வரும் இவ்வயன்மையைக் கண்டுகொள்வதில்லை.

‘இயர்’ என்பதும் எப்போதும் ‘இங்கே’ ஆவதில்லை. அதனைத் தொடரின் முதலில் நிறுத்திப் பேருந்து வருவதைக் காட்டினால், அது நம் ‘இதோ’. இதோ வருகிறது பேருந்து. ‘தேர்’ அவ்வாறு முன்வந்தால் ‘அதோ’. அதோ போகிறான். இவ்விடத்தில் ஆங்கிலத்தில் ஒரு நுட்பம் உண்டு: பெயர்ச்சொல்லாயின் வினைக்குப் பின்னும், ‘அவன், அவள்’ போன்ற மாற்றுப்பெயராயின் வினைக்கு முன்னும் நிற்கும். ஒரு பொருளைக் கையில் கொடுக்கும்போது அவர்கள் சொல்லும் ‘இயர்’ தொடருக்கு, ‘இந்தா’ என்ற நம் சொல்லுக்கு மேல் வேறொன்றும் வேண்டா. அழும் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துத் ‘தேர், தேர்’ என்றால், ‘சரி சரி, அழாதே’ என்பதே பொருள். இவையெல்லாம் பழகினால் வந்துவிடும்.

யான் சொல்ல வந்தது வேறு. அதற்கு ஆங்கிலத்தின் பழைய வீட்டுக்குள் சற்றே நுழைய வேண்டும்.

இன்று இரண்டே சொல்லோடு நிற்கும் இக் குடும்பம் ஒருகாலத்துப் பெரிய குடும்பம். இங்கே இருத்தலுக்கு ‘இயர்’. இங்கு நோக்கி வருதலுக்கு ‘இதர்’. இங்கிருந்து நீங்குதலுக்கு ‘என்சு’. அவ்வாறே அங்கே என்பதற்குத் ‘தேர், திதர், தென்சு’. எங்கே என்பதற்கு ‘வேர், விதர், வென்சு’. மூன்று மூன்றாக ஒன்பது சொற்கள். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலும் இவற்றின் முன்வடிவங்கள் இருந்தன. 1611-இல் வெளிவந்த, சேம்சு மன்னர் பெயரால் வழங்கும் விவிலிய மொழிபெயர்ப்பில் இவை நிறைந்து கிடக்கின்றன. செகப்பிரியர் நாடகங்களிலும் அப்படியே. பின்னர்ப் பேச்சுமொழி இவற்றைக் கைவிட்டது. வருவதற்கும் இருப்பதற்கும் ஒரே ‘இயர்’ போதும் என்றாயிற்று. ‘என்சு’ மட்டும் இடப்பொருளை இழந்து, ‘ஆகையால்’ என்னும் பொருளில் அறிஞர் எழுத்தில் எஞ்சி நிற்கிறது.

இவற்றோடு இன்னொரு சொல்லும் இருந்தது: ‘யாண்டர்’. கண்ணுக்குத் தெரியும் தொலைவில், பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் அப்பால் இருக்கும் இடத்தை அது காட்டும். அவ் விவிலியத்தின் தொடக்க நூலில் ஆபிரகாம் தன் மைந்தனோடு பலியிடப் போகும் இடத்தைப் பாருங்கள். போக வேண்டிய இடத்தைத் தொலைவில் கண்டுகொள்கிறான். ஏவலரைக் கழுதையோடு நின்ற இடத்திலேயே இருக்கச் சொல்கிறான். தானும் மைந்தனும் அப்பால் போவதாகச் சொல்கிறான். நிற்கும் இடத்துக்கு ‘இயர்’. போகும் மலைக்கு ‘யாண்டர்’. இரண்டும் ஒரே கூற்றில் வருகின்றன. அங்கே ‘தேர்’ என்று போட்டிருந்தால் பொருள் கெடாது. ஆனால் கையை நீட்டி மலையைக் காட்டும் அந்தச் செய்கை மறைந்து போகும்.

‘யாண்டர்’ என்றதும் நம்மவர் சிலர்க்கு ‘யாண்டு’ என்னும் தமிழ்ச்சொல் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்ததுண்டு, இளமையில் இதனை வைத்து ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கினேன். ஆனால் நம் ‘யாண்டு’ எங்கே என்று வினவுவது; அவர்களது ‘யாண்டர்’ அப்பால் என்று சுட்டுவது. அதன் உறவினர் செருமன் மொழியின் ‘யேனர்’ முதலிய சொற்கள். ஒலி ஒத்தவுடன் உறவு கொண்டாடுவது வழக்காடுமன்றத்தில் நில்லாது. தமிழின் தொன்மைக்கு வலிவான சான்றுகள் ஏராளமிருக்க, மெலிந்த சான்றைக் கொண்டுபோய் மாற்றாரிடம் நகைப்புக்கு ஆளாவானேன்? அக் கட்டுரையைக் கிழித்துவிட்டேன்.

‘யாண்டர்’ இன்று பொது ஆங்கிலத்தில் வழக்கிறந்தது. அமெரிக்கத் தென்பகுதிச் சிற்றூர்ப் பேச்சில் இன்னும் உண்டு. இசுக்காட்டுலாந்தினர் அதன் முதனிலையான ‘யான்’ என்பதைப் பேச்சில் வைத்திருக்கின்றனர். ஆங்கிலர் மூன்றாம் சுட்டைத் தொலைத்தனர் என்று நான் வகுப்பில் சற்றே செருக்கோடு சொல்வது வழக்கம். அந்தச் செருக்கு எனக்கு எப்படி அடங்கிற்று என்பதைச் சொல்கிறேன்.

1985 என்று நினைவு. 1983 சூலை வன்கொடுமைகளுக்குப் பின் ஈழத்திலிருந்து ஏதிலியராய் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தனர். ஒன்பதாம் வகுப்பு. ஆங்கில மடலொன்றைத் தமிழாக்கும் பயிற்சி. ஊரைவிட்டு வந்த பேரன் பாட்டிக்கு எழுதும் மடல் அது. அதில் ‘தேர்’ என்று முடியும் ஒரு வினா. பாட்டியிருக்கும் ஊரில் மழை எப்படி என்று கேட்பது. எல்லாரும் ‘அங்கே மழை எப்படி?’ என்று எழுதியிருந்தனர். யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் மட்டும் ‘உங்கே மழை எப்படி?’ என்று எழுதியிருந்தான். யான் செந்நிற மைக்கோலால் அச்சொல்லை அடித்து, மேலே ‘அங்கே’ என்று எழுதி, அரை மதிப்பெண்ணும் குறைத்தேன். ‘உங்கள்’ என்று எழுத வந்து தவறிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பையன் சுவடியை எடுத்துக்கொண்டு என் இருக்கைக்கு வந்தான். அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே சொல்கிறேன்.

“ஐயா, அம்மம்மா யாழ்ப்பாணத்திலை இருக்கிறா. நான் இங்கை. அவ இருக்கிற இடத்தை அவவுக்குச் சொல்லேக்கை உங்கை எண்டுதானே சொல்ல வேணும்?”

“அங்கே என்று எழுதினால் என்ன தம்பி குறை?” என்றேன்.

“அங்கை மழையோ எண்டு கேட்டால், நீ ஆற்றை ஊரைக் கேக்கிறாய் எண்டு அம்மம்மா கேப்பா.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டெழுத்துகள் என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் சொன்னதைப் பலமுறை மேடையில் பேசியவன் யான். உகரச் சுட்டு இறந்துபட்டது, அண்மைக்கும் சேய்மைக்கும் இடைப்பட்டதைக் குறித்தது என்று ஏட்டில் படித்ததை ஏட்டுச் செய்தியாகவே சொல்லிவந்தேன். அந்தச் சுட்டு உயிரோடு, பதினான்கு ஆண்டுப் பிள்ளையின் வாயில், அரை மதிப்பெண் கேட்டுக்கொண்டு என்முன் நின்றது. அதைத்தான் யான் அடித்திருந்தேன்.

அன்று மாலை அவனை உட்கார வைத்துக் கேட்டுக் குறித்துக் கொண்டேன். நான் வைத்திருப்பது இது. நீ வைத்திருப்பது உது. நம் இருவர்க்கும் அப்பாற்பட்டது அது. உன் கையிலிருப்பதைப் பார்த்து ‘உது என்ன?’ என்று கேட்பேன். உன் பக்கத்தில் நிற்பவன் உவன். நீ இருக்கும் இடம் உங்கே. அருகும் தொலைவும் அல்லாத நடுவிடத்துக்கும் இச்சுட்டே வரும். தன்மைக்கு இகரம், முன்னிலைக்கு உகரம், படர்க்கைக்கு அகரம் என்று மூவிடத்துக்கும் முறையாய்ப் பொருந்தி நிற்கும் அமைப்பை அவன் ஒரு நூலும் பாராமல் சொன்னான்.

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். யான் எண்ணியிருந்ததுபோல் நம் ‘உங்கே’க்கு நேரானது ‘யாண்டர்’ அன்று. ‘யாண்டர்’ இருவர்க்கும் அப்பாற்பட்டது. ‘உங்கே’ கேட்போனைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் எக்காலத்தும் கேட்போனுக்கெனத் தனி இடச்சொல் இருந்ததில்லை. அவர்களது ‘தேர்’ நம் உங்கேயையும் அங்கேயையும் ஒருங்கே சுமக்கிறது. ஆகவே ஓர் ஆங்கிலத் தொடரில் அச்சொல்லைக் கண்டால், முதலில் அது பொம்மைத் தலையா, உண்மையாகவே இடமா என்று பார்க்க வேண்டும். இடமாயின், கேட்போன் இருக்கும் இடமா, பிறிதிடமா என்று பார்க்க வேண்டும். தொலைபேசியில் பேசும்போதும் மடல் எழுதும்போதும் அது பெரும்பாலும் கேட்போன் இடமே. நாமோ எல்லாவற்றுக்கும் ‘அங்கே’ என்னும் ஒரே முத்திரையைக் குத்துகிறோம். ஆங்கிலத்தின் குறையைத் தமிழுக்கும் ஏற்றிவைக்கிறோம்.

இலத்தீனில் இந்த வேறுபாடு உண்டு. என்னருகே ‘ஈக்’, உன்னருகே ‘இசுதீக்’, அப்பால் ‘இல்லீக்’. சப்பானியத்தில் இன்றும் நாள்தோறும் வழங்குகிறது: ‘கொகோ’ என்னிடம், ‘சொகோ’ உன்னிடம், ‘அசொகோ’ அப்பால். தமிழையும் சப்பானியத்தையும் ஒப்பிட்டாய்ந்த சுசுமு ஓனோ என்னும் அறிஞரை இங்குப் பலரும் அறிவீர்கள். அவ்வழக்குக்குள் யான் இன்று புகவில்லை. அங்கே ஒரு பள்ளிப்பிள்ளை ‘சொகோ’ என்று எழுதினால் எந்த ஆசிரியனும் அடிக்க மாட்டான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கேட்போனைக் கருதிச் சொல்லை வேறுபடுத்தும் நாகரிகம் தமிழில் சுட்டோடு நின்றுவிடவில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கையும் எடுத்து, வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று வகுத்தார். ‘உனக்குத் தருகிறேன், அவனுக்குக் கொடுக்கிறேன்’. ‘உன்னிடம் வருகிறேன், அவனிடம் செல்கிறேன்’. ஆங்கிலனும் தன்னை அழைத்தவனுக்கு ‘வருகிறேன்’ என்றே மறுமொழி சொல்கிறான், போகிறேன் என்னான். உனக்குக் கொண்டுவருதல் வேறு, அவனுக்குக் கொண்டுபோதல் வேறு என்று வினையிலே பிரிப்பான். வினையில் காத்ததை இடச்சொல்லில் அவன் காக்கவில்லை. நாம் இரண்டிலும் காத்திருந்தோம். தமிழகத்தில் ஒன்றைக் கைநழுவ விட்டோம்.

உகரச் சுட்டு தமிழகத்தில் வழங்காத சொல் என்று யாரும் சொல்ல முடியாது. குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் ‘உதுக்காண்’ என்று தலைவியும் தோழியும் காட்டிப் பேசுகிறார்கள். திருக்குறளின் 620-ஆம் பாவில் ‘உப்பக்கம்’ என்னும் சொல் வருகிறது. அதற்கு முதுகு என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். ஒன்றனின் மேற்பட்டது என்னும் பொருளில் வள்ளுவர் ஆளும் ‘ஊங்கு’ என்பதும் இச்சுட்டின் வழிவந்ததே என்று கொள்ள இடமுண்டு. சொல் நம் ஏட்டில் இருக்கிறது. ஈழத்தவர் நாவில் இருக்கிறது. இடையிலே நாம் அதனைப் பிழையென்று அடித்துக்கொண்டிருக்கிறோம்.

என்னைப்பற்றி மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் ஓர் இதழுக்கு எழுதிய கட்டுரையில் ‘உங்கு’ என்று மூன்றிடத்தில் எழுதினேன். அச்சில் மூன்றும் ‘உங்கள்’ என்று திருத்தப்பட்டு வந்தன. திருத்தியவர் நம் இயக்கத்தார்தாம். நல்ல தமிழ் அறிந்தவர். புதிய கருவி வந்தால் ஒரே கிழமையில் அதற்குத் தூய தமிழ்ப்பெயர் புனைந்து முன்னிறுத்துகிறோம். அது வேண்டியதுதான்; மறுக்கவில்லை. ஆனால் புனைய வேண்டாத, வேர் அறாத, குழந்தை முதல் பாட்டி வரை பேசும் சொல்லொன்று கடலுக்கு அப்பாலிருந்து வந்து நம் வாயிலில் நின்றால், வட்டாரக் கொச்சை என்கிறோம். சென்னையில் பேசாதது தமிழாகாது என்று எந்த இலக்கணம் சொல்லிற்று?

ஏதிலியராய் வந்த அப் பிள்ளைகளுள் பலர் ஓரிரண்டு ஆண்டுகளில் ‘உங்கே’யை விட்டுவிட்டனர். வகுப்பில் சிரிப்பார்கள் என்னும் அச்சந்தான். அந்தச் சிரிப்பை முதலில் எழுப்பியது என் மைக்கோல். அரை மதிப்பெண்ணை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அவனும் அதன்பின் என் வகுப்பில் அச்சொல்லை எழுதவில்லை.

ஆகவே இம்மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மேடையில் திணிக்க வேண்டா. சட்டம் போட வேண்டா. நாம் ஒருவர்க்கொருவர் எழுதும் மடல்களில், கேட்போர் இருக்கும் இடத்தை ‘உங்கு’ என்றும், அவர் கையிலுள்ளதை ‘உது’ என்றும் எழுதத் தொடங்குவோம். நம் இதழில் மெய்ப்புப் பார்ப்பவர் அச்சொல்லைத் திருத்தாமல் விட்டுவைக்கட்டும். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் இங்கிருந்தால், ‘தேர்’ என்பதற்குக் கரும்பலகையில் ஒரு பொருள் எழுதாமல் இரண்டு பொருள் எழுதட்டும்.

ஓய்வுபெற்றுப் பல்லாண்டு கழிந்தபின் அப் பையனிடமிருந்து ஒரு மடல் வந்தது. கனடாவில் இருக்கிறான், அவனுக்கே பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். நலம் கேட்டு, இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் ‘அங்கே மழை எப்படி, ஐயா?’ என்று முடித்திருந்தான். நான் கற்பித்த பாடம் அது.

அன்றே மறுமொழி எழுதினேன். ‘இங்கே நல்ல மழை. உங்கே பனி எப்படி, தம்பி?’ என்று கேட்டிருந்தேன். மூன்று கிழமையில் அவன் மடல் வந்தது. முதல் வரியிலேயே உங்கே மழை விட்டதா என்று கேட்டிருந்தான்.